மக்கள் தொடர்பு வேலைக்குப் பயிற்சி எடுக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து இராமநாதபுரத்துக்குப் பேருந்தில் வந்து பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், அப்பா விசைப்படகுத் தொழிலில் இருப்பதாகவும், படிப்பு முடிந்ததும் மக்கள் தொடர்புத் துறையில் வேலைக்குப் போக விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வரும் கோடை விடுமுறையில் சென்னையிலுள்ள பெரிய பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி ஒன்றில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்வதா, அல்லது ஊர்ப் பக்கமே ஓர் இடம் தேடிக்கொள்வதா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கேள்வியின் கடைசி வரியில், 'எங்கள் பக்கம் செய்ததை எவராவது மதிப்பார்களா' என்று சேர்த்திருக்கிறீர்களே, உண்மையில் நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பயிற்சியின் மதிப்பு அது நடந்த இடத்தின் பெயரில் இருக்கிறதா, அங்கே நீங்கள் செய்த வேலையில் இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. அதற்கு என்னால் இயன்றவரை பதில் சொல்கிறேன்.

நான் 20 ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். மருத்துவமனைகளிலும், கூட்டுறவு அமைப்பு ஒன்றிலும், பிறகு ஓர் ஏஜென்சியிலும் பணியாற்றி, இப்போது தென்மாவட்டங்களில் இயங்கும் சில நிறுவனங்களுக்கு மக்கள் தொடர்பு ஆலோசகராக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களை வைத்து வேலை வாங்கியதும், வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்ததும்தான் இந்தப் பதிலுக்கு ஆதாரம். சினிமா விளம்பரம், அரசியல் கட்சிகளுக்கான பிரசாரம் ஆகியவற்றில் நான் வேலை செய்ததில்லை. ஆகவே அந்தப் பக்கம் போக நினைத்தால் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது நான் மாணவர்களிடம் முதலில் சொல்வது ஒரு ரயில் விபத்து. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு மின்ரயில் பாலத்திலிருந்து தடம்புரண்டு நீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அந்நாளைய ரயில் கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வேயின் ஆலோசகராக இருந்த ஐவி லீ, நடந்ததைத் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததோடு, நிருபர்கள் அந்த இடத்துக்கே போய்ப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். உலகின் முதல் செய்திக்குறிப்பு அதுதான் என்று பாடநூல்கள் சொல்வதுண்டு. 'முதல்' என்பதில் விவாதத்துக்கு இடமிருக்கிறது. அதற்கு முன்பும் நிறுவனங்கள் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றன. விவாதமில்லாதது, கெட்ட செய்தியை நிறுவனமே முந்திக்கொண்டு சரியாகச் சொல்ல வேண்டும் என்ற நெறி அங்கே உருப்பெற்றது என்பது. பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் புயல் ரயிலையே கொண்டுபோன கதையை வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டவருக்கு, அத்தகைய நேரத்தில் சரியான ஒரு சொல் எவ்வளவு பெரியது என்று நான் விளக்க வேண்டியதில்லை. விளம்பரம் காசு கொடுத்து இடம் வாங்குவது. மக்கள் தொடர்பு நம்பிக்கையால் இடம் பெறுவது. இந்த வேறுபாடு மனத்தில் இருந்தால் எந்த இடத்தில் பயிற்சி எடுக்கலாம் என்ற கேள்வியில் பாதி தெளிந்துவிடும்.

எனக்கு ஐயமில்லாத செய்தி ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் நுழைகிறவரிடம் முதல் நாளே எதிர்பார்க்கப்படுவது எழுத்து. ஒரு பக்கத்துக்குள், பிழையில்லாமல், யார், எங்கே, எப்போது, ஏன் என்பதெல்லாம் முதல் இரண்டு வாக்கியங்களில் வந்துவிடும்படி எழுதத் தெரிய வேண்டும். பத்திரிகையின் துணை ஆசிரியர் இடம் போதாமல் கடைசிப் பத்தியை வெட்டினாலும் செய்தி உயிரோடு இருக்க வேண்டும். இதை வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் எழுதியதன் விளைவு ஒரு மனிதரின் மேல் போய் விழுவதைப் பார்க்கும்போதுதான் அது கையில் படியும். நான் படித்தது அப்படித்தான்.

மாணவனாக இருந்தபோது ஒரு சிற்றூர் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கான அறிவிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. முகாம் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை. நான் '14ஆம் தேதி வியாழக்கிழமை' என்று எழுதினேன். மேலே இருந்தவர் அவசரத்தில் கையெழுத்திட்டார். பத்திரிகையில் அப்படியே வந்தது. ஊர்ப் பள்ளிவாசலிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் அப்படியே வாசித்தார்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மருத்துவமனை வாசலில் 11 பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்கள். ஒரு பாட்டி மஞ்சள் பையில் கஞ்சித் தூக்கோடு வந்திருந்தார். அவரைக் கூட்டி வருவதற்காகப் பேரன் அன்றைய கூலியை விட்டிருந்தான். நாங்கள் தேதியைப் பார்த்துத் திட்டமிடுகிறோம். அவர்கள் கிழமையைப் பார்த்துப் புறப்படுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். எவரும் என்னைத் திட்டவில்லை. அந்தப் பாட்டி மட்டும், 'நாளைக்கும் இதே பஸ்ஸுக்குத்தானே வரணும்?' என்று கேட்டார். அன்று முதல் இன்று வரை தேதியும் கிழமையும் நாட்காட்டியை நேரில் பார்த்து ஒத்துப் போகிறதா என்று சரிபார்க்காமல் எதையும் வெளியே அனுப்பியதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலையும் அதுதான். பெயர், பதவி, எண்ணிக்கை, நேரம், தொலைபேசி எண் என்று எல்லாவற்றையும் இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

பெரிய ஏஜென்சியில் இரண்டு மாதம் இருக்கும் மாணவருக்கு இப்படியொரு பொறுப்பு வருவது அரிது. அங்கே பயிற்சியாளருக்குப் பெரும்பாலும் என்ன வேலை கிடைக்கும் என்பதை நான் உள்ளே இருந்து பார்த்ததால் சொல்கிறேன். காலையில் வந்ததும் வாடிக்கையாளரைப் பற்றிய செய்திகளைத் தேடி எடுத்து அட்டவணையில் ஏற்றுவது. நிருபர்களின் பெயர்ப் பட்டியலைப் புதுப்பிப்பது. 'மெயில் வந்ததா, பார்த்தீர்களா' என்று அவர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவது. மாதக் கடைசியில் வெளியான செய்திகளைத் தொகுத்து அறிக்கை தயாரிப்பது. இவை தேவையற்ற வேலைகள் அல்ல. தினமும் பத்துப் பத்திரிகைகளை ஒரே கண்ணோட்டத்தில் படிக்கிறவருக்கு எந்தப் பத்திரிகை எதைச் செய்தியாகக் கருதும் என்ற உணர்வு மூன்றே வாரத்தில் வந்துவிடும். அந்த உணர்வை வேறெங்கும் அவ்வளவு விரைவாகப் பெற முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே தயாராகும் அறிக்கைகளில் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். வெளியான செய்தியின் பரப்பை அளந்து, அதே இடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் எத்தனை ரூபாய் ஆகியிருக்கும் என்று பெருக்கி, 'இவ்வளவு மதிப்புள்ள செய்தி பெற்றுத் தந்தோம்' என்று எழுதுகிற வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. 2010இல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்பு அளவீட்டு வல்லுநர்கள் இந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். செய்தி வந்ததனால் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள், எத்தனை பேர் சரியான நாளில் வந்தார்கள் என்பதுதான் அளவு. ஏஜென்சிக்குப் போனால் அட்டவணையை நிரப்பக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த ரூபாய்க் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

உங்கள் கடற்கரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 'பி.ஆர்.' என்று பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகத்தைத் தேடினால் அதிகம் கிடைக்காது. ஆனால் பொதுமக்களுக்கு ஒன்றைத் தெரிவித்தே தீர வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் அமைப்புகளைத் தேடினால், தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் எந்த ஊருக்கும் இளைத்ததில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். ஆட்சியரின் ஆய்வுப் பயணம் முதல் மீனவர் குறைதீர் கூட்டம் வரை எல்லாமே அந்த அலுவலகத்தின் வழியாகத்தான் செய்தி வெளியீடாகப் பத்திரிகைகளுக்குப் போகிறது. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் மீனவ மக்களுக்காகவே ஒலிக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. 1971இல் கொச்சிக்கு மாறும் வரை அந்த நிறுவனத்தின் தலைமையிடமே மண்டபம்தான். 1986இல் அறிவிக்கப்பட்ட, 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவை வனத்துறை நிர்வகிக்கிறது. கடற்பசுவையும் ஆமையையும் வலையிலிருந்து விடுவிப்பது பற்றி மீனவர்களிடம் அவர்கள் தொடர்ந்து பேச வேண்டியிருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயை விற்கும் உழவர் அமைப்புகளுக்குத் தங்கள் மிளகாயின் கதையை வெளியூர் வியாபாரிக்கு எழுதிச் சொல்ல ஆள் தேவை. இவை தவிர மருத்துவமனைகள், கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள். இவை எல்லாமே மாணவர்களுக்குப் பயிற்சி தருவதாக அறிவித்திருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான இடங்களில் அறிவிப்பு இருக்காது. கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு நேரில் போய்க் கேட்டால் இடம் உருவாகும். நான் பார்த்தவரை, 'ஏதாவது கற்றுக்கொள்ள வருகிறேன்' என்று கேட்ட மாணவர்களைத் திருப்பி அனுப்பிய அலுவலர்கள்கூட, 'உங்கள் செய்தி வெளியீடுகளை வாரந்தோறும் தொகுத்து, எது எந்தப் பத்திரிகையில் வந்தது என்று அட்டவணை போட்டுத் தருகிறேன்' என்று திட்டமாகக் கேட்டவர்களை உள்ளே அழைத்திருக்கிறார்கள்.

வானொலியை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைச் சிறு வயது முதல் பார்த்திருப்பீர்கள். 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று மறுநாள் பத்திரிகையில் வரும். துறைமுகத்தில் பலத்த காற்றோடு மோசமான வானிலை வரக்கூடும் என்பது அதன் பொருள். அந்தப் பொருளைத் தெரிந்தவர் எத்தனை பேர்? கடலுக்குப் போகிறவருக்கு வேண்டியது எண் அன்று. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுப்பார்களா, நாட்டுப்படகு போகலாமா, நங்கூரமிட்ட படகை இடம் மாற்ற வேண்டுமா, மறுபடி எப்போது தகவல் வரும் என்பதே அவருக்கு வேண்டியது. அலுவலகத் தமிழில் வந்த நான்கு வரி எச்சரிக்கையை, அதில் இல்லாத எதையும் சேர்க்காமல், உள்ளது எதையும் விடாமல், கரையில் நிற்பவருக்குப் புரியும் நான்கு வாக்கியங்களாக மாற்றி உரக்க வாசித்துப் பாருங்கள். சேர்க்காமலும் விடாமலும் எளிமையாக்குவதுதான் இந்தத் தொழிலின் கடினமான கலை. நெருக்கடி நேரத் தகவல் தொடர்பு என்று பெரிய ஏஜென்சிகள் பெருந்தொகை வாங்கிக்கொண்டு செய்வதும் அடிப்படையில் இதுவே.

இன்னொன்றையும் ஊரில்தான் கற்க முடியும் என்று நினைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் பக்கத்துத் தொண்டு நிறுவனம் ஒன்றில் ஒரு மாணவி பயிற்சி எடுத்தார். அவருடைய எழுத்தைப் பார்த்துத் திருத்துவது என் பொறுப்பு. கடற்பாசி எடுக்கும் பெண்களின் கூட்டம் பற்றிய செய்திக்குறிப்பை எழுதியிருந்தார். 'ஏழை மீனவப் பெண்கள் தங்கள் வாழ்வாதாரத்துக்காகப் போராடுகிறார்கள்' என்று தொடங்கியது. இலக்கணப் பிழை இல்லை. வழக்கமாக எல்லோரும் எழுதுவதுதான். நானும் பேனாவை வைக்காமல் விட்டிருப்பேன். அனுப்புவதற்கு முன் அதை அந்தப் பெண்களுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். மரத்தடியில் உட்கார்ந்து, கையில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா முதல் வரியிலேயே நிறுத்தினார். 'இந்தா தாயி, நாங்க ஏழைன்னு ஒனக்கு யாரு சொன்னா? பாசி எடுக்குறவுகன்னு போடு. ஏழை பாழைன்னு பேப்பர்ல போட்டா பள்ளிக்கூடத்துல எங்க புள்ளைகளுக்கு எப்புடி இருக்கும்?' மாணவி அந்த இடத்திலேயே அடித்துவிட்டு, 'பாசி எடுக்கும் தொழிலில் உள்ள பெண்கள்' என்று எழுதினார். பிறகு அந்த அம்மாவே, எந்த மாதத்தில் எந்தப் பாசியை எடுக்கக் கூடாது என்று அவர்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டைச் சொன்னார். செய்தியே மாறிவிட்டது. இரக்கத்துக்குரியவர்களாக முதல் வரியில் இருந்தவர்கள் கடைசி வடிவத்தில் கடலை அறிந்தவர்களாக வந்தார்கள்; நிருபர் ஒருவர் அதைப் படித்துவிட்டு நேரில் வந்து எழுதினார். எழுதப்படுகிறவருக்குப் படித்துக் காட்டாத எழுத்து முழுமையடைந்ததல்ல என்பதை நான் அந்த மாணவியோடு சேர்ந்து மறுபடியும் படித்தேன்.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கை. உங்கள் ஊரில் படகு பிடிபட்டது, ஆள் கைதானார் என்ற செய்தி வரும்போது, மீனவர் அமைப்பிலோ வானொலியிலோ நீங்கள் பயிற்சியில் இருந்தால் தொலைபேசி உங்களிடமும் வரும். குடும்பத்துக்குத் தெரியும் முன் பெயர் வெளியே போகக் கூடாது. 'இத்தனை பேர் என்று கேள்விப்படுகிறோம்' என்ற சொல்லே உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. 'உறுதி செய்த தகவல் இது. மீதியை இத்தனை மணிக்குச் சொல்கிறோம்' என்று சொல்லி, அந்த மணிக்குத் தகவல் இல்லாவிட்டாலும் அழைத்து, 'இன்னும் உறுதியாகவில்லை' என்று சொல்ல வேண்டும். நிருபர்கள் உங்களை நினைவில் வைப்பது அந்த இரண்டாவது அழைப்பால்தான். நோயாளிகளின், குழந்தைகளின் படங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். செய்தியாளர் சந்திப்பில் நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்கும் வேலையை உங்கள் கையில் எவராவது தந்தால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பயிற்சியை நிறுத்திக்கொண்டாலும் உங்களுக்கு இழப்பில்லை.

இனிப் பணமும் நாளும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கல்லூரிகளின் கோடை விடுமுறையில் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. வீட்டில் வருமானம் இல்லாத அதே இரண்டு மாதத்தில் சென்னையில் விடுதி வாடகை, சாப்பாடு, பேருந்துச் செலவு என்று உங்கள் அப்பாவிடம் கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் எழுதவில்லை என்றாலும் உங்கள் தயக்கத்தில் இதுவும் இருக்கும் என்று நினைக்கிறேன். உதவித்தொகை தராத இன்டர்ன்ஷிப்புக்காக வீட்டில் கடன் வாங்க வேண்டாம். மத்திய அரசு 2024இல் அறிவித்த பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று நண்பர்கள் சொல்லியிருக்கலாம். அறிவித்தபோது அது 21 முதல் 24 வயது வரையுள்ள, முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கான திட்டமாக இருந்தது. ஆகவே இப்போதைய விதியைப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். அதைவிட முக்கியம், பயிற்சி தருவதற்கு உங்களிடமே பணம் கேட்கும் இடங்கள். சான்றிதழுக்கு இவ்வளவு, 'லைவ் புராஜெக்ட்' என்று இவ்வளவு எனக் கேட்பவர்கள் விற்பது காகிதத்தை. வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்து நான் அத்தகைய சான்றிதழ்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; ஒன்றுகூட ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்ததில்லை.

படிப்புக் கணக்குக்காக இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதலில் ஒரு கிரெடிட்டுக்கு (படிப்பை அளக்கும் அலகுக்கு) 30 மணி நேரம் என்பது கணக்கு. இளநிலை மாணவருக்கு 60 முதல் 120 மணி நேரம் வரை பேசப்படுகிறது. உங்கள் கல்லூரி இதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு, வருகைப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த பிறகு மொத்தமாகக் கையெழுத்துக் கேட்டு அலைந்த மாணவர்களை எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதியை உறுதியாகச் சொன்னேன். இனி வருபவை என் கருத்து மட்டுமே. முதலாவது, ஆங்கிலம். தமிழ்ச் செய்திக்குறிப்பை நன்றாக எழுதுகிறவர்கள் குறைந்து வருவதால், ஆங்கிலத்தில் வந்ததைப் பொருள் கெடாமல் தமிழில் எழுதவும் தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதவும் தெரிந்தவருக்கு இடம் கூடும் என்று நம்புகிறேன். நீங்கள் படிக்கும் ஆங்கில இலக்கியமும் நீங்கள் பிறந்த கடற்கரைத் தமிழும் சேர்ந்தால் அது நல்ல முதலீடு. ஆனால் சென்னை ஏஜென்சிகளில் அலுவலக மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருப்பதால், பேசப் பழகாமல் போனால் முதல் மாதம் திணறல் இருக்கும். இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு. முதல் வரைவை இப்போது கணினியே எழுதித் தருகிறது. பயிற்சியாளருக்குக் கொடுத்துவந்த வேலைகளில் சில இதனால் குறையலாம். கிழமை தவறா என்று நாட்காட்டியைப் பார்ப்பதும், மரத்தடியில் உட்கார்ந்து படித்துக் காட்டுவதும் குறையாது என்று நினைக்கிறேன். இது என் கணிப்புத்தான். மூன்றாவது, சமூக ஊடகம். ரீல்ஸ் எடுக்கத் தெரிந்தால் இடம் எளிதில் கிடைக்கிறது என்பது உண்மை. அது மட்டுமே தெரிந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்று பார்க்கும்போது எனக்குக் கவலை வருகிறது. நான்காவது, பயிற்சி எடுத்த இடத்திலேயே வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. சிலருக்குக் கிடைத்திருக்கிறது, அதை நம்பிக் கோடையைச் செலவிட வேண்டாம். இளநிலைக்குப் பிறகு மேற்படிப்பு என்றால், 1965இல் தொடங்கப்பட்ட டெல்லி இந்திய மக்கள் தொடர்பியல் கழகத்தின் விளம்பரம் மற்றும் மக்கள் தொடர்பு முதுநிலைப் பட்டயத்தைப் பற்றி இப்போதே விசாரித்து வைக்கலாம்.

ஆகவே என் ஆலோசனை இது. இந்தத் தடைக்காலத்தில் ஊரிலேயே பயிற்சி எடுங்கள். இறுதியாண்டு முடிந்த பிறகோ, உதவித்தொகை தரும் இடம் அமைந்தாலோ சென்னைக்குப் போங்கள். ஏற்கெனவே செய்த வேலையைக் கையில் கொண்டு போகிறவருக்கு ஏஜென்சியில் இரண்டு வாரத்திலேயே நல்ல பணி கிடைக்கும். வெறுங்கையோடு போகிறவர் இரண்டு மாதமும் அட்டவணையோடு நின்றுவிடக்கூடும். எந்த இடத்துக்குப் போனாலும் தொடக்கத்திலேயே ஒன்றைக் கேளுங்கள்: 'தொடக்கம் முதல் முடிவு வரை என் பொறுப்பில் ஒரு வேலையாவது கிடைக்குமா?' ஒரு முகாம், ஒரு செய்தியாளர் சந்திப்பு, ஒரு வானொலி நிகழ்ச்சி என்று அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. 'ஆம்' என்று சொல்கிற இடம், பெயர் தெரியாத இடமானாலும், உங்களுக்கு ஏற்ற இடம்.

பிறகு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தாள்: நீங்கள் எழுதிய முதல் வரைவு, சிவப்பு மையில் திருத்தப்பட்ட வரைவு, பத்திரிகையில் வந்த வடிவம். பலர் மூன்றாவதை மட்டுமே கொண்டு வருகிறார்கள். நேர்காணலில் நான் கேட்பது முதல் இரண்டையும்தான். ஏனெனில் திருத்தத்தை எப்படி ஏற்றுக்கொண்டார் என்பது அவற்றில்தான் தெரிகிறது. வெளியாகாமல் போனவற்றையும் வையுங்கள்; ஏன் வரவில்லை என்று நிருபரிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலைக் கீழே ஒரு வரியில் குறியுங்கள். அந்த மாணவியின் கோப்பில் 'ஏழை' என்ற சொல்லை அடித்த தாள் இருந்தது. வேலைக்கு விண்ணப்பித்தபோது அதை அவர் ஒளிக்கவில்லை. முதல் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

இடம் கேட்கும் கடிதத்தைப் பிப்ரவரிக்குள் கொடுத்துவிடுங்கள். மார்ச் மாதத்தில் அலுவலகங்களில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் எவரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கம் போதும். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும். இரண்டாவதில் அந்த அலுவலகத்துக்காக நீங்கள் என்ன செய்து தருவீர்கள். மூன்றாவதில் யாரிடம் விசாரிக்கலாம் என்று ஆசிரியர் ஒருவரின் பெயரும் எண்ணும். அந்த அலுவலகம் அண்மையில் வெளியிட்ட செய்தி ஒன்றை எடுத்து, அதையே கடற்கரை மக்களுக்குப் புரியும்படி நீங்கள் மாற்றி எழுதிய ஒரு தாளையும் பின்னால் இணையுங்கள். கொடுப்பதற்கு முன் கடிதத்திலுள்ள தேதிகளின் கிழமையை ஒருமுறை நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள்.